கோழிகள் பார்த்த முக்கோணம்

என்ன ஆராய்ச்சி செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், இல்லாத முக்கோணம் கோழிக்குஞ்சின் கண்ணுக்குத் தெரியுமா என்று பார்க்கிறேன் என்பேன். கேட்டவர் முகத்தில் உடனே ஒரு பரிதாபம் வரும். என் கணவர் பரிதாபப்படுகிற ரகமில்லை. செம்மண்டலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். "கோழி மேய்ச்சாலும் கவர்மெண்ட்ல மேய்க்கணும்னு சொல்லுவாங்க. நீ அதையும் சொந்த பஸ் காசுல மேய்க்கிற" என்பார். உதவித்தொகை மூன்றாவது வருடத்தோடு நின்றுபோயிருந்தது.

நான் படித்த கல்லூரி சிதம்பரத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். காலை ஏழே காலுக்குக் கடலூரில் பஸ் ஏறினால் ஒன்பதுக்கு முன்னால் ஆய்வகத்தில் இருக்கலாம். ஐந்து வருடம் அப்படித்தான் போய் வந்தேன்.

அந்த முக்கோணத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை அட்டையில் மூன்று கறுப்பு வட்டங்கள். ஒவ்வொன்றிலும் கேக் துண்டு வெட்டி எடுத்த மாதிரி ஒரு வாய். மூன்று வாய்களும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தால், நடுவே ஒரு வெள்ளை முக்கோணம் கிடப்பது போல நமக்குத் தெரியும். அங்கே கோடே கிடையாது, வெறும் தாள்தான். வாய்களை வெளிப்பக்கம் திருப்பிவிட்டால் முக்கோணம் போய்விடும். முதலில் மனிதர்களிடம் காட்டினேன். ஓரத்தைத் தொட்டுக் காட்டுங்கள் என்றால், கல்லூரிப் பிள்ளைகள் வெறும் தாளின்மேல் அளவெடுத்த மாதிரி விரலை ஓட்டினார்கள். கோடு இல்லை என்று சொன்னால் சிலருக்குக் கோபம்கூட வந்தது. மனித மூளை இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. பிறந்து இரண்டு வாரமான குஞ்சின் மூளையும் அப்படி நிரப்புமா என்பதுதான் என் கேள்வி.

அதற்கு ஒரு மரப்பெட்டி. ஒரு முனையில் குஞ்சை விடுவோம். மறுமுனையில் இரண்டு அட்டைகள் நிற்கும். முதலில் கோடு போட்ட நிஜ முக்கோணத்தைக் காட்டி, அதைக் கொத்தினால் நொய் விழும் என்று பழக்குவோம். பழகிய பிறகு, இல்லாத முக்கோணத்தையும் வாய் திருப்பிய வட்டங்களையும் அருகருகே வைப்போம். இப்போது நொய் கிடையாது. குஞ்சு எதைக் கொத்துகிறது என்று மட்டும் குறித்துக்கொள்வேன். என் முகத்தைப் பார்த்து அது விடையைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவு ஜாக்கிரதைக்காரி நான்.

குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டது ஒரு அக்கா. ஐம்பது வயதிருக்கும். ஒன்பது வருடமாக அந்த ஆய்வகத்தில் தினக்கூலி. குஞ்சுகளைப் 'பசங்க' என்றுதான் சொல்வார். எது நேற்றுச் சரியாகத் தின்னவில்லை, எதற்குக் கால் இழுக்கிறது என்பதெல்லாம் என் பதிவேட்டைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். என்னை மேடம் என்று கூப்பிடுவதை எவ்வளவு சொல்லியும் அவர் விடவில்லை.

குஞ்சுகள் அற்புதமாகத் தேறின. இல்லாத முக்கோணத்தை நோக்கி நேராக ஓடிப்போய்க் கொத்தின. ஒரு கூட்டம், இரண்டாம் கூட்டம், மூன்றாம் கூட்டம், எல்லாம் அப்படியே. எனக்கு நெறியாளராக இருந்த சார் அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறவர். அவர் கட்டுரையின் தலைப்பை மூன்று முறை மாற்றி எழுதினார். கெட்டவர் இல்லை. நான் டெங்குவில் படுத்திருந்தபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குஞ்சுகளுக்குத் தீனி வைத்தவர். டிசம்பர் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவு ரத்து. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. கடலூரில் ஒரு கல்லூரியில் ஜூன் மாதம் வேலைக்கு எடுத்துக்கொள்வதாக வாய்ப்பேச்சாகச் சொல்லியிருந்தார்கள், பட்டம் கையில் இருந்தால்.

நவம்பர் மழையில் ஆய்வகக் கூரை ஒழுகியது. கோடு போட்டதும் போடாததுமாக முக்கோணம் உள்ள 'சரி' அட்டைகள் இருபத்துநான்கில் ஆறு, ஊறின அப்பளம் மாதிரி ஆகிவிட்டன. நான் பதறவில்லை. அதே கோப்பு, அதே தாள், கீழ வீதியில் அதே ஜெராக்ஸ் கடை. ஆறையும் மறுபடி அச்சடித்துக்கொண்டு வந்தேன். கடைசிக் கூட்டத்துக் குஞ்சுகள் பத்து மட்டும் பாக்கி. ஒரு வாரத்தில் முடித்துவிட்டால் எழுதி முடித்த ஆய்வேட்டில் அட்டவணையைச் சேர்க்க வேண்டியதுதான்.

பழைய அட்டை வந்தால் குஞ்சு நேராகப் போய்க் கொத்தியது. புது அட்டை வந்தால் பாதி வழியில் நின்றது. ஒரு கண்ணால் இந்தப் பக்கம், தலையைத் திருப்பி மறு கண்ணால் அந்தப் பக்கம். பிறகு ஏதோ ஒன்றைக் கொத்தியது. காசைச் சுண்டிவிட்டால் எப்படி விழுமோ அப்படி. அதே குஞ்சு, அதே காலை, அதே படம்.

"மழைல குஞ்சுக்கு சளி புடிச்சிருக்கும்மா. இந்த வாரத்து டேட்டாவ விட்டுடு" என்றார் சார்.

"சளி புடிச்ச குஞ்சு பழைய அட்டைய மட்டும் எப்படி சார் சரியா கொத்தும்?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இரண்டு நாள் அட்டைகளை வைத்துக்கொண்டு அலைந்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தேன், வட்டங்களை அளந்தேன், வெட்கத்தை விட்டு முகர்ந்துகூடப் பார்த்தேன். அப்போது அக்காதான் கூண்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "மேடம், பசங்க படத்தையே பாக்கலீங்க. கீழ் ஓரத்ததான் பாக்குதுங்க. நான் எப்பவும் பாக்கறேனே."

எடுத்துப் பார்த்தேன். பழைய அட்டைகள் எல்லாவற்றிலும் அலகு பட்ட பள்ளங்கள் வலது கீழ் மூலையில் குவிந்திருந்தன. இது எனக்குப் புதிதில்லை. ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'குஞ்சுகள் முக்கோணத்தின் கோணத்தை நாடுகின்றன' என்று நான்காம் அத்தியாயத்தில் ஒரு பத்தியே எழுதியிருந்தேன். அட்டையின் மூலைக்கும் முக்கோணத்தின் மூலைக்கும் நடுவில் இரண்டு அங்குலம் இருந்தது. அந்த இரண்டு அங்குலத்தை நானும் மூளையால் நிரப்பிக்கொண்டேன் போலிருக்கிறது.

கோழியின் கண் நம் கண் இல்லை. நமக்கு நிறம் காட்டும் அணுக்கள் மூன்று வகை. கோழிக்கு நான்கு. புறஊதா ஒளியும் அதற்கு ஒரு நிறம்தான். என் கண்ணுக்கு வெறும் வெள்ளையாக இருக்கிற மூலையில் அதற்கு ஏதோ தெரிகிறது. அந்த ஒளியைக் காட்டுகிற விளக்கு ஆய்வகத்தில் இல்லை. எங்கள் மருந்துக்கடையில் இருந்தது, கள்ளநோட்டுப் பார்ப்பதற்காக.

சனிக்கிழமை மத்தியானம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கணவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அட்டைகளை எடுத்துக்கொண்டு போனேன். புது அட்டையை விளக்கடியில் நீட்டினேன். தாள் முழுக்க நீலமாக ஒளிர்ந்தது. பழைய அட்டையை நீட்டினேன். நீலத்தின் வலது கீழ் மூலையில், பச்சையும் மஞ்சளுமாக, சுண்டுவிரல் நகமளவு ஒரு சிலுவை.

அடுத்த அட்டை. சிலுவை. அதற்கடுத்தது. சிலுவை. பதினெட்டுக்குப் பதினெட்டு.

போட்டது நான்தான்.

எங்கள் வீடு கத்தோலிக்க வீடு. ஆனாலும் புதுத்துணி எடுத்தால் ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் உடுத்தமாட்டோம். மற்றவர்கள் பொட்டாக வைப்பதை நாங்கள் சிலுவையாக வைப்போம், அவ்வளவுதான் வித்தியாசம். போன வருடம், ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், அட்டைகள் அச்சாகி வந்த அன்று அவற்றைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்திருந்தேன். சமையலறையில் மஞ்சள்தூள் டப்பா திறந்திருந்தது. விரலை நனைத்து மஞ்சள் தொட்டு, ஒவ்வொரு சரி அட்டையின் மூலையிலும் சின்னதாக ஒரு சிலுவை வரைந்தேன். ஆராய்ச்சிக்காரி செய்கிற வேலையா என்று சிரிப்பும் வந்தது. உடனே துணியால் துடைத்துவிட்டேன். சுத்தமாகப் போய்விட்டது, அதாவது என் கண்ணுக்கு. தப்பு அட்டைகளுக்கு வைக்கவில்லை. தப்புக்கு எதற்கு ஆசீர்வாதம் என்று நினைத்தது இப்போதும் ஞாபகமிருக்கிறது.

பூஜை முடிந்து பரிசோதனை தொடங்கினோம். அதாவது ஒரு வருடமாகக் குஞ்சுகள் முக்கோணத்தைப் பார்க்கவே இல்லை. இந்த மூலையில் இது இருந்தால் நொய் விழும் என்று கற்றுக்கொண்டு, அதைத் தேடிப்போய்க் கொத்தியிருக்கின்றன. அவற்றின்மேல் ஒரு தப்பும் இல்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில், சாரிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன். புதுச்சத்திரம் தாண்டும்போது 'நான்' என்று ஆரம்பித்த வாக்கியம், பி.முட்லூர் வரும்போது 'அட்டையில்' என்று ஆரம்பித்தது. சார் அறையில் அதைத்தான் சொன்னேன்.

"அட்டைல மஞ்சள் பட்டிருக்கு சார். சரி அட்டைல மட்டும். குஞ்சு அதப் பாத்துதான் கொத்தியிருக்கு."

சார் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். ஐந்து வருடம் அவர் முகத்திலிருந்து இறங்கிப்போவதைப் பார்த்தேன். பிறகு நிமிர்ந்தார். "ஆயுத பூஜைக்கு அந்தம்மா வச்சிருப்பாங்க. மைக்ராஸ்கோப்புக்கே குங்குமம் வச்சவங்கதானே?"

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவர் மணியடித்து அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்.

"போன வருஷம் ஆயுத பூஜை அன்னிக்கி கார்டுக்கெல்லாம் மஞ்சள் வச்சீங்களா?"

அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு யோசித்தார். "எல்லாத்துக்கும் வச்சேன் சார். பெட்டிக்கி, தராசுக்கு... கார்டுக்கு வச்ச ஞாபகம் இல்லீங்களே."

"மேல இருந்த கட்டுக்கு வச்சிருப்பீங்க. யோசிச்சிப் பாருங்க."

"வச்சிருப்பேன் போலருக்கு."

"ஒவ்வொண்ணுக்கும் வச்சீங்களா?"

"ஆமாங்க. ஓரமா வச்சேன். படத்து மேல பட்டுடக் கூடாதுன்னு ஓரமா வச்சேன்." சொல்லிக்கொண்டே காற்றில் விரலால் ஒரு பொட்டு வைத்துக் காட்டினார்.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கேட்கிறவர் கேட்கிற விதத்திலேயே ஞாபகம் முளைப்பதைப் பற்றி என் பையில் கட்டுரைகள் இருந்தன. அடிக்கோடு போட்டுப் படித்தவை. இப்போது என் கண்முன்னால், ஒரு நிமிடத்துக்குள், இல்லாத ஒன்றின்மேல் அந்த அக்கா விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைத் தடுக்க எனக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். எனக்கு அது சுலபமாகத்தான் இருந்தது. பேசாமல் நின்றால் போதும்.

சார் கடிதம் தயாரித்தார். ஆய்வகப் பணியாளர் அறியாமல் செய்த செயலால் அட்டைகள் பாழாயின. மாணவியின் பிழை ஏதுமில்லை. ஆறு மாத நீட்டிப்பு தேவை. மாணவியின் கவனக்குறைவு என்றால் மூன்றாவது நீட்டிப்பு கிடையாது, அதுதான் விதி. வியாழக்கிழமை விளக்கைக் கொண்டுவா, படம் எடுத்து இணைத்து அனுப்பிவிடலாம், நீயும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

"அக்காவுக்கு ஒண்ணும் ஆகாதில்ல சார்?"

"ஆபீஸ்ல கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பாங்க. தினக்கூலிதானே. அப்பறம் பாத்துக்கலாம்."

அந்தக் கல்லூரியில் 'கொஞ்ச நாள்' நிறுத்தப்பட்ட தினக்கூலி யாரும் திரும்பி வந்ததில்லை. அது சாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வீட்டில் சொன்னேன். கணவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அவுங்களே வச்சேன்னு சொல்றாங்கல்ல? நீ பொய் சொல்லலியே" என்றார்.

"பேசாம நின்னேங்க."

"பேசாம நிக்கறது பொய்யா? அஞ்சு வருஷம்டி. வேலையும் போயிடும்."

அவர்மேல் எரிந்து விழுந்தேன். நான் சொல்லிக்கொள்ளத் துணியாததை அவர் சொன்னதால்தான் அவ்வளவு கோபம். ஆனால் என் பயம் வேறு இடத்தில் இருந்தது. அக்கா பொட்டுதான் வைப்பார். விளக்கடியில் தெரியப்போவது சிலுவை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஞ்சை நனைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தேன். விளக்கைப் போட்டு, முதல் அட்டையின் சிலுவையை மெல்லத் தேய்த்தேன். குறுக்குக் கோடு கரைந்தது, பிறகு நெடுக்குக் கோடு. இரண்டே நிமிடத்தில் அது உருண்டையான ஒரு பொட்டாகிவிட்டது. அழகாக, அக்காவே வைத்த மாதிரி. என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது அட்டையை எடுத்தேன், கீழே வைத்தேன், மறுபடி எடுத்தேன். பஞ்சு காய்ந்துபோனது. எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிப் பைக்குள் போட்டுவிட்டேன். நல்லவளாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை, பொய்யை முடிக்கவும் தைரியம் வரவில்லை. விளக்கே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்தக் கடிதம் போகவில்லை. என் பதிவு டிசம்பர் கடைசியில் ரத்தானது. ஜூன் மாதத்து வேலை வேறு ஒருவருக்குப் போனது. மறுபடி முதல் வருட மாணவியாகச் சேர்ந்து, இப்போது புது அட்டைகளோடு உட்கார்ந்திருக்கிறேன். குஞ்சுகளுக்கு அந்த முக்கோணம் தெரிகிறதா என்று இன்னும் தெரியவில்லை. இதையெல்லாம் நான் ஜீரணித்துக்கொண்டேன். ஜீரணிக்காமல் கிடப்பது வியாழக்கிழமை சார் அறையில் நடந்தது.

சார் ஜன்னலைச் சாத்தினார். போன் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டார். அக்காவும் அங்கே இருந்தார். கடிதத்தில் அவர் கைநாட்டும் வேண்டுமென்று சார் கூப்பிட்டிருந்தார். கையெழுத்தே போடுவேங்க என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. விளக்கைப் போட்டேன். அட்டையை நீட்டினேன்.

சார் சிலுவையைப் பார்த்தார். பிறகு என் கழுத்துச் சங்கிலியில் தொங்கும் சிலுவையைப் பார்த்தார். போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

அக்கா குனிந்து பார்த்தார். "இது பொட்டு இல்லியே சார். நான் சிலுவ போடலியே."

"நான்தான்க்கா போட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அட்டைக்கட்டை வாங்கி ஒவ்வொன்றாக விளக்கடியில் காட்டிக்கொண்டே போனார். குஞ்சுகளைச் சரிபார்க்கிற அதே பொறுமை. கடைசி அட்டையில் நின்றார்.

"இது ஒண்ணு மட்டும் பொட்டா இருக்குது மேடம்."

"அதுவும் சிலுவையாத்தான் இருந்துச்சு. முந்தாநாள் பஞ்சு வச்சித் தேச்சேன். நீங்க வச்ச மாதிரி தெரியணும்னு."

சார் எழுந்து போய்ச் சாத்திய ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். அக்கா அட்டைகளைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார். அவருக்குப் புரியாத ஏதோ ஒன்று இன்னும் மிச்சமிருப்பது முகத்தில் தெரிந்தது.

"அப்ப எனக்கு ஞாபகம் வந்துச்சே, ஓரமா வச்ச மாதிரி? நல்லா ஞாபகம் வந்துச்சே மேடம். வீட்டுல எம் பொண்ணுகிட்டகூட விரல வச்சிக் காமிச்சேன்."

"சார் கேட்டதால வந்ததுக்கா. நான் பேசாம நின்னதால வந்தது."

அவர் அட்டைகளை மேஜைமேல் வைத்தார். கதவுவரை போனவர் திரும்பினார். குரலில் கோபம்கூட இல்லை.

"உங்க படிப்பக் கெடுத்துட்டேன்னு மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல மேடம்" என்று சொல்லிவிட்டு, குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.